ஆச்சி செத்த எபிசோடு

மரியாதையக் கண்டா எனக்குப் பயம். கொங்கு நாட்டுல பொறந்தவ இப்படிச் சொல்லலாமான்னு கேக்காதீங்க. 'ங்க' போடாம எங்களுக்கு வாயே தொறக்காது, நாயைத் தொரத்துனாக்கூட "போங்க"ன்னுதான் தொரத்துவோம்னு வெளியூர்க்காரங்க கேலி பேசுவாங்க. பேசட்டும். எந்த 'ங்க' பாசத்துல வருது, எந்த 'ங்க' கழுத்தறுக்க வருதுன்னு எங்களுக்குத்தான் தெரியும். சின்ன வயசுல இருந்து எங்க தோட்டத்துலயே பாத்து வளந்தவ நானு. ஆனா அது முழுசா உறைச்சது ஒரு கொரியாப் படக்கதையத் தமிழ்ல மாத்திக்கிட்டிருந்தப்பதான்.

திருப்பூர் நல்லூர்ல ஒரு பனியன் கம்பெனி. ஆர்டர் படுத்துப் போயி, மெஷினையெல்லாம் வித்துப்போட்டு, ஓனரோட பையன் அந்த ஷெட்டைக் கழுவி விட்டு ஏசி மாட்டி கம்ப்யூட்டர் போட்டான். பையன்னா பொடியன் இல்லீங்க, முப்பது தாண்டுன எருமை. அவன்கூடப் படிச்சவன் ஒருத்தன் பெங்களூர்ல இருந்து போன்ல படிக்கற படக்கதை ஆப் நடத்தறான். கொரியாவுல வாராவாரம் வர்ற கதையத் தமிழ்ல மாத்திக் குடுக்கணும், அதான் வேலை. எனக்குக் கொரியா பாஷை வரும். முன்னால ஒரு எம்ப்ராய்டரி கம்பெனியில ஆபீஸ்ல இருந்தேன். மெஷின் மாட்ட வந்த கொரியாக்காரங்களோட மல்லுக்கட்டி, நூல் அந்தா ஏன் அந்துச்சு, ஊசி ஒடஞ்சா ஏன் ஒடஞ்சுதுன்னு சண்டை போடறதுக்குன்னே கத்துக்கிட்ட பாஷை. மிச்சத்த அவங்க நாடகம் பாத்துப் புடிச்சேன்.

பனியன்காரன் புத்தி எங்க போகும்? டீசர்ட்டுக்கு தோள் சேக்க ஒருத்தி, காலர் வெக்க ஒருத்தி, கை மாட்ட ஒருத்தின்னு லைன் போடற மாதிரி, கதைக்கும் லைன் போட்டான். நான் கொரியாவப் படிச்சு என்ன அர்த்தம்னு கரடுமுரடாத் தமிழ்ல எழுதிக் குடுக்கோணும். கதையில வர்ற ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு புள்ளை. அந்த ஆளு எப்படிப் பேசும்னு அவதான் முடிவு பண்ணி, படத்துல பேச்சு எழுதறதுக்குன்னு ஆளு தலைக்கு மேல விட்டிருக்கற பலூனுக்குள்ள எழுதுவா. பிரபு பேசறதுக்கு ஒருத்தி, நாயகி பேசறதுக்கு ஒருத்தி, வாள் சத்தம், கதவு சத்தம் எழுத ஒருத்தி. கடைசியில எல்லாம் என்கிட்ட செக்கிங்குக்கு வரும். சிரிக்காதீங்க, அது நல்லாவே ஓடுச்சு. ஒவ்வொரு ஆளுக்கும் ஒவ்வொரு வாய் இருந்துச்சு. ஒருத்தியே எழுதியிருந்தா அத்தனை பேரும் ஒரே மாதிரி வாத்தியார் தமிழ்ல பேசித் தொலைச்சிருப்பாங்க.

கதை இதுதான். வடக்குச் சீமைப் பிரபுவோட மகளை விஷம் வெச்சுக் கொன்னுபோடறாங்க. செத்தவ கண்ணு முழிச்சுப் பாத்தா மறுபடியும் சின்னப் பொண்ணா அதே அரண்மனையில கெடக்கறா. இனி பழி வாங்கோணும். அங்க இப்படிச் செத்துத் திரும்பி வர்றவங்களுக்குன்னே ஒரு வார்த்தை வெச்சிருக்கறாங்க. புள்ளைங்க 'ரிட்டன்'னு எழுதுனாங்க. ஓனர் அலறிட்டான். "அக்கா, அந்த வார்த்தை மட்டும் வேண்டாமுங்க. சரக்கு ரிட்டன் வந்து வந்துதான் எங்கப்பா படுத்த படுக்கையானாரு." சரின்னு 'மீண்டவள்'னு வெச்சோம். மந்திர சக்திக்கு அவங்க 'மானா'ங்கறாங்க. அப்படியே போட்டேன். "மானாவாரிக் காடுங்களாக்கா?"ன்னு ஒருத்தி கேட்டா. ஷெட்டே சிரிச்சுது. அப்பறம் யோசிச்சு 'ஊத்து'ன்னு வெச்சேன். அவளுக்குள்ள ஊத்து பொங்குது, மந்திரவாதிக்கு ஊத்து வத்திப்போச்சு. கெணறு வெட்டுன ஊர்க்காரங்களுக்கு இதுக்கு மேல சொல்லித் தரோணுமா?

ஆளுக்கு ஆளு மரியாதை மாத்திப் பேசறதுலதான் தாவு தீந்துச்சு. அந்த விஷயத்துல கொரியாக்காரங்க நமக்குப் பங்காளிங்க. பெரியவனுக்கு ஒரு பேச்சு, வேலைக்காரிக்கு ஒரு பேச்சு, கூடப் பொறந்தவளுக்கு ஒரு பேச்சு. அரண்மனைப் பொண்ணை வேலைக்காரங்க கூப்புடற வார்த்தைக்கு 'இளவரசி', 'சீமாட்டி'ன்னு என்னென்னமோ போட்டுப் பாத்து, கடைசியில நம்மூரு 'அம்மணி' கச்சிதமா உக்காந்துச்சு. பிரபு பேசறத எழுதுனவ ஓனரோட சித்தப்பா மக. தோட்டமும் கம்பெனியும் உள்ள ஊட்டுப் புள்ளை. ஆளை ஏவற பேச்சு அவளுக்குச் சொல்லிக் குடுக்காமயே வந்துச்சு. அவளை நாங்க பிரபுன்னே கூப்புடுவோம். ஷெட்டுல யாருக்கும் சொந்தப் பேரு நெலைக்கல.

நாயகிய வளத்த செவிலிக்கு வாய் குடுத்தவதான் ஆச்சி. வயசு இருபத்தஞ்சு, இருபத்தாறு இருக்கும். தூத்துக்குடிப் பக்கம், கிறிஸ்தவப் புள்ளை. பன்னெண்டாவது முடிச்ச கையோட அம்மாவக் கூட்டிக்கிட்டுத் திருப்பூர் வந்து ஓவர்லாக் தையல் மெஷின்ல உக்காந்தவ. பஞ்சு தூசி நெஞ்சுல எறங்கி இளைப்பு வந்துருச்சு. இருமுனா நாய் கொரைக்கற மாதிரி ஆரம்பிச்சு, மூச்சு நின்னு, ஒதடு நீலம் பாயற வரைக்கும் போகும். இனி பனியன் கம்பெனிப் பக்கம் தலை வெச்சுப் படுத்தா நான் பொறுப்பில்லன்னு டாக்டர் கையக் கழுவிட்டாரு. இந்த ஊர்ல பனியனை விட்டா வேற என்ன இருக்குது? பஞ்சு பறக்காத அறை, உக்காந்து செய்யற வேலைன்னு அவளுக்குக் கெடைச்சது எங்க ஷெட்டு நாற்காலி ஒண்ணுதான். அவ அம்மாவுக்கும் கண்ணு சரியில்ல. அந்த நாற்காலி போனா மறுபடியும் பஞ்சுதான். அது எங்க எல்லாருக்கும் தெரியும். ஓனருக்கும் தெரியும். அத நல்லாக் கேட்டுக்கங்க.

செவிலிய நாயகி எப்படிக் கூப்புடோணும்னு கேட்டேன். "ஆச்சின்னு வைங்கக்கா. எங்க ஊர்ல அப்படித்தான் கூப்பிடுவாவ"ன்னா. செவிலி அரண்மனை சமையக்கட்டுல இருந்து தட்டோட வந்து, பொண்ணைப் பாத்து மொதல் பேச்சு கேக்கறா, "ஒரு வாய் உண்டியளா அம்மணி?" கொரியாவுலயும் அவ அதான் கேக்கறா, சோறு தின்னியான்னு. அதுக்கு இந்த வாய் எங்க இருந்து வந்துச்சோ! படிக்கற சனம் ஆச்சி மேல பைத்தியமாயிருச்சு. "ஆச்சிக்கு ஒண்ணு ஆச்சு, ஆப்பையே அழிச்சுருவேன்"னு ஒருத்தன் எழுதியிருந்தான். அதப் படிச்சுட்டு எங்க ஆச்சி, "எக்கா, எனக்கு ரசிகரு இருக்காவ பாருங்க"ன்னு சிரிச்சு, சிரிப்பு இருமலாயி, தண்ணி குடிச்சு அடக்குனா.

லைனுக்கு ஒரு விதி உண்டு. கதையில ஆளு செத்தா அந்தப் புள்ளை நாற்காலி காலி. ஆச்சி வர்றதுக்கு முன்னாலயே ஒரு வாள்வீரன் செத்தான். அவனுக்கு எழுதுன புள்ளைய ஓனர் மறுநா காலையில கண்ணாடி ரூமுக்குக் கூப்புட்டான். எப்பவும் "ஏ புள்ளை, இங்க வா"ம்பான். அன்னிக்கு "வாங்க, உக்காருங்க"ன்னான். பேக்கரியில இருந்து ஸ்பெஷல் டீ வந்துச்சு. எனக்கு அப்பவே தெரிஞ்சு போச்சு, அவ நாற்காலி காலின்னு. எங்க ஊரு கொமரலிங்கத்துல எங்கப்பன் தோட்டத்து ஆளை வேலைய விட்டு நிறுத்தறதும் இதே மாதிரிதான். வருசம் பூரா "வாடா, போடா", வாசப்படிக்கு அக்கட்டால, வெளியவே நிக்கோணும். நிறுத்தற அன்னிக்கு மட்டும் தானே சேரை இழுத்துப் போட்டு, "வாங்க, உக்காருங்க, காப்பி சாப்புடுங்க"ம்பாரு. நரை விழுந்த ஆளுங்க, சேர் நுனியில பட்டும் படாம உக்காந்து, காப்பிய ஊதக்கூட மாட்டாம குடிக்கறதப் பாத்திருக்கறேன். கெடாய்க்கு மாலை போட்டுத் தண்ணி தெளிக்கற மாதிரிதான். அது தலையை ஆட்டுனா சம்மதம்னு அர்த்தம்.

கொரியாவுல எங்களுக்கு முன்னாலயே கதை போயிரும். மேக்கொண்டு என்ன வருதுன்னு படிக்கத் தெரிஞ்சவ நான் ஒருத்திதான். ஒரு நா படிச்சுட்டு ஆச்சியத் தனியாக் கூப்புட்டேன். மறைக்கறதெல்லாம் எனக்கு வராது. "உன்ற ஆச்சியக் கொல்லப் போறாங்க கண்ணு"ன்னேன்.

அவ அசையல. "அதுக்கென்னக்கா, இந்தக் கதையில செத்தவியதான திரும்பி வாராவ? ஆச்சியும் வந்துருவாள்லா?"

"தெரியாது."

"வந்துருவாக்கா. பாருங்களேன்."

அதுக்கப்பறம் தெனமும் காலையில பையக்கூடக் கீழ வெக்காம அதான் கேப்பா. ஆச்சி வந்துட்டாளாக்கா? எனக்கு எரிச்சலா வரும். "நானா கதை எழுதறேன்? கொரியாக்காரனைப் போயிக் கேளு"ன்னு ஒரு நா சள்ளுன்னு விழுந்தேன். அவ கோவிச்சுக்கல. மறுநாளும் கேட்டா.

ஆச்சி சாகற எபிசோடு வந்துச்சு. அதுல ஒரு எடம். பிரபு அந்தச் செவிலிய முப்பது வருசமா நாயி மாதிரி ஏவுனவன். அன்னிக்கு எந்திரிச்சு வந்து, நாற்காலிய இழுத்துப் போட்டு, தன்னை விடப் பெரியவங்ககிட்டப் பேசற மாதிரி அத்தனை மரியாதையாப் பேசறான். பேசி முடிச்சுட்டுக் காவக்காரனைப் பாத்துத் தலையை அசைக்கறான். நான் "வாங்க, உக்காருங்க"ன்னே எழுதிக் குடுத்தேன். எங்க பிரபுப் புள்ளை தாளைத் தூக்கிக்கிட்டு வந்தா. "அக்கா, தப்பா எழுதியிருக்கீங்க. கொல்லப் போறவளுக்கு எதுக்குங்க மரியாதை?"

"உங்க ஊட்டுல ஆளை நிறுத்தி நீ பாத்ததே இல்லையா?"ன்னேன்.

அவ முழிச்சா. நெசமாவே அதை அவ கவனிச்சதில்ல. சேரை இழுத்துப் போடற பக்கம் இருக்கறவங்களுக்கு அது எங்க தெரியுது? கண்ணாடி ரூம்ல இருந்து ஓனர் எட்டிப் பாத்துச் சிரிச்சான். "அக்கா சொல்றது சரிதான் கண்ணு. உக்கார வெச்சுச் சொன்னாத்தான் சத்தம் போடாமப் போவாங்க." வெக்கமே இல்லாமச் சொன்னான். அவனுக்கு அது ஒரு தொழில் நுணுக்கம், அவ்வளவுதான்.

செவிலியோட கடைசி பலூன் எங்க ஆச்சி கைக்குப் போச்சு. அவ எழுதிக் குடுத்தது இது. "இந்த வீட்டுல நான் ஒரு நாளும் உக்காந்ததில்ல ராசா. நின்னே கேட்டுக்கிடுதேன். சொல்லுங்க." செக்கிங்ல நான் ஒரு புள்ளி கூட மாத்தல.

எபிசோடு வந்ததும் போன்ல சனம் குய்யோ முறையோன்னு அழுவுது. ஓனர் மறுநாளே டீக்கு ஆளனுப்பப் போனான். நான் குறுக்க விழுந்தேன். "கொரியாவுல புது எபிசோடு வந்திருக்குது. நம்ம தமிழ்ல அடுத்த மாசமே ஆச்சி திரும்பி வர்றா. அதுவரைக்கும் அவளைச் சத்தம் எழுத வெய்யி. இல்லைன்னா நானும் கெளம்பறேன்." அது பொய்யில்லீங்க. அன்னிக்குக் காலையிலதான் படிச்சேன். செவிலி மீண்டவளா வர்றா! படிச்சதும் நானே கத்திப்போட்டேன். ஆச்சி ஓடி வந்தா. "வந்துட்டாளாக்கா?" "வந்துட்டாடி, வந்துட்டா!" அவ என்னைக் கட்டிப் புடிச்சுக்கிட்டா. அவ நெஞ்சுக்குள்ள கரகரன்னு சத்தம் கேட்டுச்சு. அன்னிக்கு எல்லாத்துக்கும் தேங்காய் பன் வாங்கிக் குடுத்தா. அந்த ஒரு மாசமும் கதவு சத்தம், காத்து சத்தம், குதிரை குளம்பு சத்தம்னு எழுதிக்கிட்டு அவ அம்புட்டு சந்தோசமா இருந்தா.

ஆனா செவிலி செவிலியாத் திரும்பி வரல. வேற ஒரு சீமையில, பெரிய எடத்துப் பொண்ணா, பதினாறு வயசுல, பட்டும் கல்லும் போட்டுக்கிட்டு எந்திரிக்கறா. உள்ள இருக்கற உசுரு அதேதான். ஒரு விருந்துல நாயகிய எதுக்கால பாத்து, பழைய பழக்கத்துல சோறு தின்னியான்னு கேட்டுப்போடறா. அந்தக் கேள்வியிலதான் நாயகிக்கு இவ ஆருன்னு தெரியும். கொரியாவுல அந்தப் பக்கத்தப் பாத்துட்டு நான் மூக்கச் சிந்துனவ.

ஓனர் படத்தைத் திரையில பெருசாக்கிப் பாத்தான். அந்தப் பட்டுத்துணியையும் கல்லையும் பாத்தான். அப்பறம் எங்க ஆச்சியப் பாத்தான். "இதைப் பிரபுப் புள்ளையே எழுதட்டுமுங்க்கா"ன்னான்.

"எதுக்கு? இது ஆச்சி. ஆச்சிக்கு எழுதறவ இங்க இருக்கறா."

"பெரிய ஊட்டுப் புள்ளை தெக்கத்திப் பேச்சுப் பேசுமுங்களா? நல்லாருக்காதுங்க."

"உள்ள இருக்கறது அதே ஆளு. கதையே அதுதான!"

"உள்ள என்ன நூல் இருந்தா என்னங்க்கா? லேபிளப் பாத்துத்தான சனம் வாங்குது."

எனக்கு மண்டைக்கு ஏறிருச்சு. "நீ ஆர்டர் இல்லாமக் கெடந்தப்ப இந்தப் பேச்சுதான்டா உனக்குச் சோறு போட்டுச்சு. அந்தப் புள்ளை நெஞ்சு எப்படி இருக்குதுன்னு தெரியுமில்ல? வேற ஆளு பேசறத அவளுக்குக் குடு. நாயகியக் குடு. அதுவும் முடியாதுன்னா சத்தத்தையே எழுதட்டும்"ன்னு கத்துனேன். ஷெட்டுல எல்லாரும் திரையையே பாத்தாங்க. அவன் கோவப்படல. அவங்க பரம்பரைக்குக் கோவம் வராது. "சத்தத்துக்கு ஏற்கெனவே ஒரு புள்ளை இருக்குதுங்க்கா. ரெண்டு நாற்காலி எதுக்குங்க?"ன்னு சிரிச்ச மொகமாச் சொன்னான். ஆச்சி மட்டும் மெதுவாக் கேட்டா. "அந்த ஒரு கேள்வியாவது நான் எழுதட்டா முதலாளி?" அவன் ரூமுக்குள்ள போயிக் கதவச் சாத்திக்கிட்டான்.

மறுநா காலையில கண்ணாடி ரூம் கதவு தொறந்துச்சு. "வாங்க"ன்னான். எங்க ஆரையும் பாக்காம அவளை மட்டும் பாத்தான். "வாங்க. உக்காருங்க." சேரை அவனே இழுத்துப் போட்டான். பேக்கரிப் பையன் டீய வெச்சுட்டுப் போனான்.

அவ சேரைப் பாத்தா. அப்பறம் கண்ணாடி வழியா என்னையப் பாத்தா. எனக்குள்ள என்னமோ கத்துச்சு, உக்காராத, உன்ற ஆச்சி மாதிரி நின்னு கேளுன்னு. அவ உக்காந்துட்டா. முதுகச் சாச்சு, நல்லா உக்காந்தா. நின்னு கேக்க அவளுக்கு மூச்சு பத்தல, அவ்வளவுதான். பலூனுக்குள்ள எழுதறதும் நெசத்துல நிக்கறதும் ஒண்ணாயிருமா? அவன் கையக் கட்டிக்கிட்டு ங்க ங்கன்னு என்னமோ பேசுனான். அவ டீய ஊதி ஊதி, சொட்டு விடாமக் குடிச்சுட்டு வெளிய வந்தா.

வெளி வாசல் கேட்டு வரைக்கும் கூடப் போனேன். முதலிபாளையத்துல ஒரு கம்பெனியில மறுபடியும் ஓவர்லாக்குக்குச் சொல்லி வெச்சுட்டாளாம். "வேண்டாம் கண்ணு, செத்துப் போயிருவ"ன்னேன். என் வாயில அப்படித்தான் வரும்.

"செத்துத் திரும்பி வந்தாலும் பெரிய வீட்டுப் பிள்ளையாத்தான் வரணும் போலக்கா"ன்னா. "அப்பயும் என் வாயி எனக்கு இல்ல பாத்தியளா." சிரிச்சா. துப்பட்டாவ மூக்குல இறுக்கிக் கட்டிக்கிட்டு பஸ் ஏறுனா. நான் அவனை அத்தனை திட்டுனவ, திரும்ப உள்ள வந்து என்ற நாற்காலியில உக்காந்தேன். எனக்கும் ஊடு இருக்குதுங்களே.

விருந்து எபிசோடு வந்தப்ப பிரபுப் புள்ளை 'சாப்பிட்டீங்களா'ன்னு எழுதியிருந்தா. அவளுக்கே புடிக்கல. "இதைக் கேட்டா அம்மணிக்கு எப்படிங்க அடையாளம் தெரியும்?"னு தாளை வெச்சுக்கிட்டு நின்னா. ஓனர் வந்து பாத்தான். தலையைச் சொறிஞ்சான். "சரி, ஆச்சிப் புள்ளை மொதல்ல எழுதுனதையே எடுத்துப் போடுங்க. அந்த ஒண்ணு மட்டும் போதும். சனம் அழுவும்."

எடுத்துப் போட்டோம். பட்டுடுத்துன பொண்ணு பட்டு மாதிரிப் பேசிக்கிட்டே வந்து, நாயகியப் பாத்ததும் ஒரே ஒரு தடவை கேக்கறா. "ஒரு வாய் உண்டியளா அம்மணி?" அவன் சொன்ன மாதிரியே சனம் அழுதுச்சு. ஆச்சி வந்துட்டா, ஆச்சி வந்துட்டான்னு போன் பூரா அதே பேச்சு. ஓனர் எல்லாத்துக்கும் பப்ஸ் வாங்கிக் குடுத்தான்.

மத்தியானம் சோத்து நேரத்துல என் போனுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்துச்சு. காதுல வெச்சேன். மொதல்ல மெஷின் சத்தம், ஒரு லைனே ஓடற சத்தம். அதுக்குள்ள அவ குரலு. "எக்கா, படிச்சிட்டேன். ஆச்சி வந்துட்டாள்லா!" நெசமான சந்தோசத்துலதான் சொன்னா. அப்பறம் இருமல் ஆரம்பிச்சுது. மெசேஜ் முடிஞ்சு போச்சு, இருமல் முடியல.